1908 பிட்சரும் 1930 பேட்டரும் ஒரே லீகில்: எந்த வருடக் கணக்கில் ஓட்டுவது?

பழையஸ்கோர்புக் கேட்டது:

வணக்கம். நாங்கள் எட்டு பேர் சேர்ந்து பழைய பேஸ்பால் ஆட்டக்காரர்களை மட்டும் வைத்து ஒரு சிமுலேஷன் லீக் (அவர்களுடைய புள்ளிவிவரங்களை வைத்து ஓட்டும் கற்பனை ஆட்டங்கள்) தொடங்கப் போகிறோம். 1901 முதல் 1970 வரை யாரை வேண்டுமானாலும் எடுக்கலாம். ஆனால் ஆளோடு வருடத்தையும் சேர்த்துத்தான் எடுக்க வேண்டும், அதாவது 'ரூத் 1920', 'காப் 1911' என்று. ஒரு ஆள் லீகில் ஒரு முறைதான். ரூத் 1920-ஐ ஒருவர் தூக்கிவிட்டால் ரூத் 1927 யாருக்கும் கிடையாது. டீமுக்கு 25 பேர், ஸ்னேக் டிராஃப்ட் (ஆள் எடுக்கும் வரிசை ஒவ்வொரு சுற்றிலும் தலைகீழாகும்), 154 ஆட்டம். எட்டு டீம் என்பதால் அட்டவணை அழகாக உட்காருகிறது: மற்ற ஏழு டீமோடும் 22 ஆட்டம், 7 x 22 = 154. நேஷனல் லீகும் அமெரிக்கன் லீகும் எட்டு எட்டு டீமாக இருந்த காலத்தில் ஆடிய அதே கணக்கு.

சிக்கல் என்னவென்றால், சோதனைக்காகப் பழைய புள்ளிவிவரங்களை அப்படியே உள்ளே போட்டு ஓட்டிப் பார்த்ததில், 1905-1910 காலத்துப் பிட்சர்களை (பந்து வீசுகிறவர்களை) வைத்திருந்த டீம்தான் எல்லோரையும் துவைத்து எடுத்தது. அதே சமயம் 1930 பேட்டர்கள் மற்ற பிட்சர்களை விளாசினார்கள். நடுவில் உள்ள வருடங்களின் ஆட்டக்காரர்கள் யாரும் எடுபடவில்லை. எட் வால்ஷ் 1908 ஒரு தனிப் பிரச்சினை, 464 இன்னிங்ஸ் போட்டவரை எப்படிக் கட்டுப்படுத்துவது? நீக்ரோ லீக் (மேஜர் லீகில் அப்போது சேர்க்கப்படாத கறுப்பினத்தவர்களின் தனி லீக்) ஆட்டக்காரர்களையும் சேர்க்க ஆசை, அதற்கு என்ன வழி? கம்ப்யூட்டரா, பகடையா என்பதும் இன்னும் முடிவாகவில்லை. இப்படிக் கலப்பு லீக் நடத்திய அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

வாக்னர்33 எழுதியது:

நண்பரே, முதலில் ஒரு கணக்கைப் பாருங்கள். 1930-இல் பில் டெர்ரி .401 அடித்தார் (ஹிட்டுகளை அட்-பேட்டால், அதாவது கணக்கில் வரும் பேட்டிங் முறைகளால், வகுத்தால் வரும் சராசரி). 1968-இல் கார்ல் யாஸ்ட்ரெம்ஸ்கி .301 அடித்து அமெரிக்கன் லீகில் முதலிடம் பிடித்தார். எண்ணை மட்டும் பார்த்தால் டெர்ரி எங்கேயோ இருக்கிறார். ஆனால் 1930-இல் நேஷனல் லீக் மொத்தமாகவே .303 அடித்தது. அந்த வருடம் பிலடெல்ஃபியா பிலீஸ் டீம் .315 அடித்தும் 102 ஆட்டம் தோற்றது, அவ்வளவு ரன் மழை. 1968 அமெரிக்கன் லீகின் சராசரியோ .230. ஆக டெர்ரி தன் லீகைவிட 32 சதவீதம் மேலே, யாஸ்ட்ரெம்ஸ்கி 31 சதவீதம் மேலே. இரண்டு பேரும் கிட்டத்தட்ட ஒரே உயரம்தான்.

இப்போது ஹோனஸ் வாக்னர் 1908-ஐ எடுங்கள். .354. லீக் சராசரி .239. 48 சதவீதம் மேலே! அதுவும் ஷார்ட்ஸ்டாப்பில் (இரண்டாவது, மூன்றாவது பேஸ்களுக்கு நடுவே உள்ள கடினமான ஃபீல்டிங் இடம்) நின்றுகொண்டு. அப்படியே எண்ணைப் போட்டால் அவர் டெர்ரிக்கு 47 புள்ளி கீழே நிற்பார், அது அநியாயம்.

பிட்சர்களுக்கும் இதே கதைதான். வால்ஷ் 1908-இன் ஈ.ஆர்.ஏ. (ஒன்பது இன்னிங்ஸுக்குப் பிட்சர் விட்டுக்கொடுக்கும் ரன், குறைந்தால் நல்லது) 1.42, லெஃப்டி க்ரோவ் 1931-இன் ஈ.ஆர்.ஏ. 2.06. நேராகப் பார்த்தால் வால்ஷ். ஆனால் 1908 அமெரிக்கன் லீகின் மொத்த ஈ.ஆர்.ஏ.வே 2.39, 1931-இல் அது 4.38. வால்ஷ் தன் லீகைவிட 41 சதவீதம் குறைவு, க்ரோவ் 53 சதவீதம் குறைவு. உங்கள் சோதனையில் 1908 பிட்சர்கள் ஜெயித்ததற்குக் காரணம் அவர்கள் ஜெயித்தது இல்லை, அவர்கள் காலத்துப் பந்து ஜெயித்தது. அழுக்கேறி, எச்சில் பூசி, அடித்து அடித்து மெத்தென்று ஆன பந்தை ஆட்டம் முழுக்க வைத்துப் போட்டார்கள். எச்சில் பந்தை 1920-இல்தான் தடை செய்தார்கள், அப்போதும் ஏற்கெனவே போட்டுக்கொண்டிருந்த 17 பேருக்கு விலக்கு கொடுத்தார்கள்.

அதனால் லீகுக்கு ஒரு பொதுவான காலத்தை முதலில் நிர்ணயித்துவிட்டு, எல்லோரையும் தங்கள் லீக் சராசரியோடு ஒப்பிட்டு அதற்குள் கொண்டுவாருங்கள். 1950-களின் நடுப்பகுதி மாதிரி, சராசரி .260 பக்கம் இருக்கிற சூழல் நல்லது. ஹோம் ரனும் இருக்கும், முழு ஆட்டம் போடுகிற பிட்சரும் இருப்பார், யாருடைய ஆட்டமும் செத்துப்போகாது. டயமண்ட் மைண்ட், அவுட் ஆஃப் தி பார்க் இரண்டு மென்பொருளிலுமே இந்தச் சமன்படுத்தலுக்கு வழி இருக்கிறது.

ஒரே ஒரு எச்சரிக்கை, ஹோம் ரனுக்கு இந்த விகிதக் கணக்கை அப்படியே போடாதீர்கள். 1920-இல் ரூத் 54 ஹோம் ரன் அடித்தார், யாங்கீஸ் தவிர அமெரிக்கன் லீகின் மற்ற ஏழு டீம்களில் ஒன்றுகூட டீமாகச் சேர்ந்து அத்தனை அடிக்கவில்லை. அந்த விகிதத்தை 1955-க்கு மாற்றினால் ரூத் நூறைத் தாண்டிப் போவார், லீகே படுத்துவிடும். மேல் வரம்பு ஒன்று வையுங்கள், 65 என்றால் சரியாக இருக்கும். மறுபக்கம் சீஃப் வில்சன் 1912-ஐப் பாருங்கள், 36 டிரிப்பிள் (மூன்று பேஸ் ஓடும் அடி), 11 ஹோம் ரன். அந்த டிரிப்பிள்களில் ஒரு பகுதி 1950-களின் மைதானங்களில் வேலியைத் தாண்டியிருக்கும். நல்ல மென்பொருள் இதைக் கொஞ்சம் கவனிக்கும், கையால் கார்டு செய்கிறவர்கள் தாங்களே கவனிக்க வேண்டும்.

மூன்றுபகடை எழுதியது:

வாக்னர் அண்ணா சொன்ன கணக்கு சரி. ஆனால் என்னைக் கேட்டால் முதல் சீசனையே கலப்பாகத் தொடங்க வேண்டாம். ஒரே ஒரு வருடத்தை எடுத்து ஒரு லீகை மட்டும் ஆடிப் பாருங்கள். 1908 நேஷனல் லீக் இருக்கிறதே, கப்ஸ், ஜயன்ட்ஸ், பைரேட்ஸ் மூன்றும் கடைசி நாள் வரை முட்டிக்கொண்ட சீசன், அதை எட்டு பேர் எட்டு டீமாக எடுத்தால் சமன்படுத்தல் எதுவும் தேவையில்லை, எல்லோரும் ஒரே பந்தில் ஆடுகிறார்கள். கலப்பு லீகின் சுவை தெரிய ஒரு காலத்தின் நிஜமான வாசனை முதலில் மூக்கில் ஏற வேண்டும்.

அப்புறம் பகடை. ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக் என்ற கார்டு-பகடை விளையாட்டு 1961-இலிருந்து இருக்கிறது, ஆப்பா இன்னும் பழசு, 1951. ஸ்ட்ராட்டில் மூன்று பகடை உருட்டுகிறோம். தனி நிறத்தில் இருக்கிற ஒரு பகடையில் 1, 2, 3 விழுந்தால் பேட்டரின் கார்டு, 4, 5, 6 விழுந்தால் பிட்சரின் கார்டு. மற்ற இரண்டையும் கூட்டி அந்தப் பத்தியில் கீழே போய்ப் பார்க்க வேண்டும். பேட்டர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் பாதி நேரம் முடிவு பிட்சர் கையில் இருக்கிறது என்பது உருட்டும்போதே கண்ணுக்குத் தெரியும். ரூத் நிற்கிறார், இரண்டு அவுட், மூன்றாவது பேஸில் ஆள், பகடை 5-இல் நின்றது, வால்டர் ஜான்சனின் கார்டு... அந்த இரண்டு நொடியை எந்தத் திரையும் தராது. 1981 வேலைநிறுத்தத்தில் ஆல்-ஸ்டார் ஆட்டம் தள்ளிப்போனபோது, கிளீவ்லாண்ட் மைதானத்திலேயே உட்கார்ந்து ஸ்ட்ராட் கார்டு வைத்து அந்த ஆட்டத்தை ஆடினார்கள், தெரியுமா?

154 ஆட்டத்தை எட்டு டீமுக்கும் பகடையில் ஆடி முடிப்பது பெரிய வேலைதான், மறுக்கவில்லை. முடியாதென்றால் ஆட்டங்களைக் கம்ப்யூட்டரில் ஓட்டிவிட்டு, உலகத் தொடரை (கடைசிக் கோப்பைத் தொடரை) மட்டுமாவது எல்லோரும் கூடி உட்கார்ந்து பகடையில் ஆடுங்கள்.

பழையஸ்கோர்புக் எழுதியது:

இரண்டு பேருக்கும் நன்றி. எங்கள் எட்டு பேரும் நான்கு ஊர்களில் இருக்கிறோம், ஆகவே சீசன் கம்ப்யூட்டரில்தான், உலகத் தொடருக்குப் பகடை என்பது எல்லோருக்கும் பிடித்துவிட்டது. .260 சூழலும் சரி. வால்ஷுக்கு மட்டும் இன்னும் பதில் வரவில்லையே. அவரை எடுத்தவருக்கு மூன்று நாளைக்கு ஒரு தடவை ஏஸ் (டீமின் முதன்மைப் பிட்சர்) கிடைக்கிறார், மற்றவர்கள் நான்கு பேரைச் சுழற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

லீக்கமிஷனர் எழுதியது:

தம்பி, இது பயன்பாட்டு வரம்பு சம்பந்தப்பட்ட விஷயம், இதை டிராஃப்டுக்கு முன்பே எழுத்தில் போட்டுவிட வேண்டும், பாதியில் மாற்றினால் நட்பு போய்விடும்.

வரம்பு ஏன் வேண்டும் என்பதற்கு பாப் ஹேஸில் 1957-ஐ விட நல்ல உதாரணம் கிடையாது. மில்வாக்கி பிரேவ்ஸுக்கு நடுவில் வந்து சேர்ந்தார், 134 அட்-பேட்டில் .403. அந்தக் கார்டை எடுத்துத் தினமும் ஆட விட்டால் அவர் டெட் வில்லியம்ஸ் ஆகிவிடுவார். அதைவிடப் பெரிய வேடிக்கை ஜான் பேசியோரெக், 1963-இல் ஒரே ஒரு ஆட்டம், மூன்றுக்கு மூன்று ஹிட். அதனால் பேட்டர் என்றால் அந்த வருடம் குறைந்தது 400 அட்-பேட், பிட்சர் என்றால் 150 இன்னிங்ஸ் என்று அடித்தளம் வையுங்கள். மேலே, நிஜத்தில் ஆடியதைவிட 10 சதவீதம் வரை கூடுதலாக ஆடலாம், அதற்கு மேல் கிடையாது.

வால்ஷுக்கு இந்த 10 சதவீதம் பொருந்தாது, 510 இன்னிங்ஸ் வந்துவிடும். நாங்கள் செய்வது இன்னிங்ஸையும் காலத்தோடு ஒப்பிடுவது. எந்த வருடமாக இருந்தாலும் ஒரு பிட்சருக்கு 154 ஆட்ட சீசனில் 310 இன்னிங்ஸ்தான் உச்சம். பாப் கிப்ஸன் 1968-இல் போட்டது 304.2, 34 ஆட்டம் தொடங்கி 28-ஐ அவரே முடித்தார், அவருடைய காலத்தில் அது பேருழைப்பு. வால்ஷ் காலத்தில் பேட்டர்கள் ஒன்பது பேரும் வேலியைத் தாண்டி அடிக்கிறவர்கள் இல்லை, கீழ்வரிசை ஆட்களுக்குக் கையைத் தளர்த்திப் போட்டுக்கொள்ளலாம். நம் லீகிலோ எட்டாவதாக வருகிறவர்கூட ஒரு ஹோம் ரன்காரர். இங்கே வால்ஷாலும் 464 போட்டிருக்க முடியாது.

ஸ்பிட்பால்_ரசிகன் எழுதியது:

கமிஷனர் சார் மன்னிக்கணும், இதில் எனக்கு உடன்பாடு இல்லை. 1908-இல் மற்ற எல்லோருக்கும் அதே மெத்தென்ற பந்து, அதே பேட்டர்கள்தான், ஆனால் 464 போட்டது வால்ஷ் ஒருவர்தானே? 40 வெற்றி, 42 முழு ஆட்டம். கிறிஸ்டி மேத்யூசனும் போடவில்லை, வால்டர் ஜான்சனும் போடவில்லை. அந்த உழைப்புக்கு அவர் கொடுத்த விலையும் சாதாரணமில்லை. 1912-இல் 393 இன்னிங்ஸ் போட்டார், அதற்குப் பிறகு எந்த வருடமும் 100 இன்னிங்ஸைக்கூடத் தொடவில்லை, கை போய்விட்டது. அப்படித் தன்னைக் கொடுத்து ஆடியவரை 310-இல் கொண்டுவந்து நிறுத்தினால், அவரிடம் இருந்த தனித்தன்மையையே அழித்துவிட்டு வெறும் நல்ல பிட்சர் ஒருவரை வைத்துக்கொள்கிறோம்.

310 என்பதை எல்லோருக்கும் வையுங்கள், ஆனால் தன் லீகில் இன்னிங்ஸில் முதலிடம் பிடித்தவருக்கு மட்டும் 350 கொடுங்கள். ஈ.ஆர்.ஏ.வைத்தான் ஏற்கெனவே சமன்படுத்திவிட்டீர்களே, க்ரோவ் அவரைவிட மேலே போய்விட்டார். குறைந்தபட்சம் தோள் வலுவையாவது அவருக்கு விட்டுவையுங்கள்.

லீக்கமிஷனர் எழுதியது:

350 நியாயமாகத்தான் படுகிறது. எங்கள் அடுத்த சீசனுக்கு நானே அதை எடுத்துக்கொள்கிறேன்.

கிரேஸ்_ரசிகை எழுதியது:

நீக்ரோ லீக் கேள்வியை யாரும் தொடாததால் எழுதுகிறேன். சேர்க்கலாமா என்று யோசிக்கவே வேண்டாம், சேருங்கள். 1947-இல் ஜாக்கி ராபின்சன் வரும் வரை ரூத்தும் காப்பும் அடித்த எண்கள் எல்லாம் சாட்செல் பேஜ் போன்ற பிட்சர்களை லீக் ஆட்டத்தில் சந்திக்காமலே அடித்தவை. அந்தச் சுவர் இல்லாமல் எப்படி இருந்திருக்கும் என்று பார்க்க நமக்கு இருக்கிற ஒரே வழி இந்த மாதிரி லீக்தான். 2020 டிசம்பரில் 1920 முதல் 1948 வரையான ஏழு நீக்ரோ லீக்குகளை மேஜர் லீக் என்று அங்கீகரித்தார்கள், 2024 மே மாதம் புள்ளிவிவரங்களையும் அதிகாரப்பூர்வக் கணக்கில் சேர்த்தார்கள். வாழ்நாள் சராசரியில் ஜாஷ் கிப்ஸன் .372, காப் .367. முதலிடம் இப்போது கிப்ஸனுக்கு.

ஆனால் உங்கள் 'ஆள் + வருடம்' விதியில் அவர்களை அப்படியே எடுத்தால் இரண்டு பக்கமும் இடிக்கும். அவர்கள் வருடம் முழுக்க ஊர் ஊராகப் போய் ஆடினார்கள், ஆனால் லீக் கணக்கில் வருகிற ஆட்டங்கள் கொஞ்சம். கிப்ஸன் 1943 என்றால் .466, அது குறைவான அட்-பேட்டில் வந்த எண். ஒரு உண்மையான .360 பேட்டர் 550 அட்-பேட்டில் வெறும் அதிர்ஷ்டத்தால் 20 புள்ளி மேலேயோ கீழேயோ போவது சகஜம். 250 அட்-பேட் என்றால் அந்த ஏற்ற இறக்கம் 30 புள்ளியாகிவிடும். ஆகவே அந்த ஒரு வருடத்தை எடுத்தால் அவர் அளவுக்கு மீறி வருவார். அதே நேரம் கமிஷனர் சார் சொன்ன 400 அட்-பேட் அடித்தளத்தை வைத்தால் பலர் உள்ளேயே வர மாட்டார்கள்.

அதனால் அவர்களுக்கு மட்டும், அடுத்தடுத்த மூன்று அல்லது நான்கு வருடங்களைச் சேர்த்து ஒரே கார்டாகச் செய்யுங்கள், தங்கள் லீக் சராசரியோடு ஒப்பிட்டு, அட்-பேட்டை 154 ஆட்டத்துக்கு விரித்துக்கொள்ளுங்கள். சீம்ஹெட்ஸ் தளத்தில் பழைய செய்தித்தாள்களின் பாக்ஸ் ஸ்கோர்களிலிருந்து சேகரித்த கணக்கு லீக் வாரியாக, வருடம் வாரியாக இருக்கிறது. ஆஸ்கர் சார்ல்ஸ்டன், கூல் பாப்பா பெல், வில்லி வெல்ஸ், டர்க்கி ஸ்டெர்ன்ஸ், பக் லெனர்ட் எல்லோரும் இதற்குள் வந்துவிடுவார்கள். 'அவர்கள் லீகின் தரம் குறைவு' என்று சொல்லி மேற்கொண்டு 10 சதவீதம் வெட்டுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். வெட்டுவதென்றால் நல்ல ஆட்டக்காரர்கள் போருக்குப் போயிருந்த 1943-45 மேஜர் லீக் எண்களையும் வெட்ட வேண்டும். அதை யாரும் செய்வதில்லை.

வாக்னர்33 எழுதியது:

கிரேஸ் அக்கா சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள், அதைவிடச் சரியான வழி எனக்குத் தெரிந்து கிடையாது.

நான் விட்டுவிட்ட இரண்டு விஷயம். ஒன்று, ஸ்டீல், அதாவது அடிக்குக் காத்திராமல் அடுத்த பேஸுக்கு ஓடிவிடுவது. காப் 1915-இல் 96 ஸ்டீல் செய்தார், 38 தடவை மாட்டினார், அது பதிவில் இருக்கிறது. ஆனால் 1930-கள் முழுக்க நேஷனல் லீகில் மாட்டிய கணக்கு அதிகாரப்பூர்வமாக வைக்கப்படவே இல்லை. சில மென்பொருளில் அந்தக் கட்டம் காலியாக இருந்தால் பூஜ்யம் என்று எடுத்துக்கொள்ளும், அப்புறம் அந்த ஆள் மாட்டவே மாட்டார். லேமன் என்ற பேஸ்பால் புள்ளிவிவர டேட்டாபேஸிலிருந்து இறக்குகிறீர்கள் என்றால் அந்தக் கட்டத்தை ஒரு தடவை கண்ணால் பாருங்கள்.

இரண்டு, மைதானம். ஆளாளுக்கு ஒரு பழைய மைதானத்தை எடுக்க விடுவீர்கள் என்று நினைக்கிறேன், அதையும் டிராஃப்டில் ஒரு சுற்றாக வையுங்கள். போலோ கிரவுண்ட்ஸில் வலது கோட்டில் வேலி வரை 258 அடிதான். மெல் ஆட் அடித்த 511 ஹோம் ரனில் 323 சொந்த மைதானத்தில் அடித்தவை. இடது கை பேட்டர்களை அள்ளிக்கொண்ட ஒருவர் கடைசியில் போலோ கிரவுண்ட்ஸையும் சும்மா எடுத்துக்கொண்டால் மற்றவர்கள் கேட்பார்கள்.

லீக்கமிஷனர் எழுதியது:

தம்பி, ஆட்டம் தொடங்கிய பிறகு உங்களுக்கு வரப்போகிற முதல் புகார் என்ன என்று இப்போதே சொல்கிறேன்: "காப் வெறும் .310 அடிக்கிறார், மென்பொருள் கெட்டுவிட்டது." கெடவில்லை. லீக் சராசரி .260, பேட்டரின் மதிப்பு .380, எதிரே நிற்கிற பிட்சர் பேட்டர்களை .210-இல் அடக்குகிறவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த மூன்று எண்களையும் சேர்த்துக் கணிக்க பில் ஜேம்ஸ் கொண்டுவந்த லாக்5 முறையில் போட்டால் வருவது .317 பக்கம். காப் அந்தக் காலத்தில் சுமாரான பிட்சர்களையும் சேர்த்துத்தான் சந்தித்தார், இங்கே நேற்று ஜான்சன், இன்று க்ரோவ், நாளை கூஃபாக்ஸ். இந்தக் கணக்கை டிராஃப்டுக்கு முன் எட்டு பேருக்கும் அனுப்பிவிடுங்கள்.

இரண்டாவது புகார் தோற்கிற டீமிடமிருந்து வரும். சரிசமமான ஒரு டீம் 154 ஆட்டத்தில் வெறும் பகடை ஓட்டத்தாலேயே 71-இலிருந்து 83 வெற்றி வரை எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம். ஜூனில் பத்து ஆட்டம் பின்னால் இருக்கிறவர் சலித்துப்போய் அந்த வாரம் ஆடுகிறவர்களின் வரிசையைக் கொடுக்காமல் விட்டுவிடுவார், அங்கேதான் லீக் படுக்க ஆரம்பிக்கும். வாரம் ஒரு தடவை, ஞாயிறு இரவு ஓட்டுங்கள், அதற்குள் வரிசை வராவிட்டால் போன வார வரிசையே ஓடும் என்று விதி வையுங்கள். ஓட்டியதும் அந்த வார ஆட்டங்களைப் பழைய செய்தித்தாள் பாணியில் அரைப் பக்கம் எழுதி அனுப்புங்கள், கடைசி இடத்து டீமின் ஒரு நல்ல ஆட்டமாவது அதில் கட்டாயம் இருக்கட்டும். எங்கள் லீகில் ஏழாவது இடத்தில் இருந்தவர் லூக் ஆப்ளிங் 14 பந்து ஃபவுல் அடித்து வாக் (ஹிட் இல்லாமலே முதல் பேஸ்) வாங்கியதை நான் எழுதியதற்காகவே சீசன் முடியும் வரை ஒரு வாரம்கூட விடாமல் வரிசை அனுப்பினார்.

பழையஸ்கோர்புக் எழுதியது:

எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன். 310, முதலிடத்துக்கு 350. நீக்ரோ லீக் கார்டுகளை நான்கு வருடம் சேர்த்துச் செய்கிறோம். மைதானத்துக்குத் தனிச் சுற்று. இன்னும் ஒன்றே ஒன்று: டிராஃப்டில் கேட்சருக்கு (பேட்டருக்குப் பின்னால் நின்று பந்தைப் பிடிக்கிறவருக்கு) எல்லோரும் முண்டியடிப்பார்கள் என்று எங்கள் குழுவில் பேச்சு, சீக்கிரமே எடுத்துவிட வேண்டுமா?

வாக்னர்33 எழுதியது:

வேண்டாம். ஜாஷ் கிப்ஸன் முதல் சுற்றிலேயே போய்விடுவார், அதை விடுங்கள். மீதி யார் என்று பாருங்கள்: காம்பனெல்லா 1953 (41 ஹோம் ரன்), ஹார்ட்னெட் 1930 (.339, 37 ஹோம் ரன்), டிக்கி 1936 (.362), பென்ச் 1970 (45 ஹோம் ரன்), அப்புறம் பெர்ரா, காக்ரன், லொம்பார்டி. கிப்ஸனோடு எட்டு பேர், டீமும் எட்டு. ஆறாம் சுற்றில்கூட உங்களுக்கு ஒரு நல்ல கேட்சர் மிச்சம் இருப்பார்.

வறட்சி ஷார்ட்ஸ்டாப்பில்தான். வாக்னர், ஆர்கி வாகன் 1935 (.385), பாங்க்ஸ் 1958 (47 ஹோம் ரன்), பூட்ரோ 1948 (.355), ஆப்ளிங் 1936 (.388), வில்லி வெல்ஸ். இந்த ஆறு பேர் முடிந்தால் பேட்டிங் சட்டென்று இறங்கிவிடும், கடைசி இரண்டு டீம் தவிக்கும். பெரும்பாலானவர்கள் முதல் இரண்டு சுற்றை அவுட்ஃபீல்டுக்கே செலவு செய்வார்கள், ரூத், வில்லியம்ஸ், காப், மேஸ், மான்டில் என்று. அங்கேதான் சரக்கு வற்றவே வற்றாது, பத்தாவது சுற்றிலும் .330 அடிக்கிறவர் உட்கார்ந்திருப்பார். உங்கள் முறை முதலில் வந்தால் வாக்னர் 1908. கடைசியில் வந்தால் எட்டாவதும் ஒன்பதாவதும் அடுத்தடுத்து உங்களுடையது, அதில் ஒன்றை வாகனுக்கு வையுங்கள். மற்ற ஏழு பேருக்கு அவர் பெயரே ஞாபகம் வராது.